காலி வீட்டுத் தாளம்

மெட்ரோனோம் மூச்சு விடுகிறது என்று முதலில் சொன்னவள் கீபோர்டுக்காரி. அந்த ஸ்டூடியோவுக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்ததால் அவளை எல்லோரும் ‘புதுசு’ என்று கூப்பிட்டார்கள். கிழவியானாலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அங்கே ஒட்டிய பெயர் ஒட்டியதுதான்.

“மூச்சு விட்டா நல்லதுதானே. நின்னுபோனா சொல்லு, பாக்கலாம்,” என்றார் மாஸ்டர்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த வயலின்காரர்கள் சிரித்தார்கள். புதுசு சிரிக்காமல் ஹெட்ஃபோனைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாள்.

மாஸ்டர் இசையமைப்பாளர், ஸ்டூடியோ அவருடையது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம், கணினி முன்னால் உட்கார்ந்து ஒலியைப் பதிந்து, வெட்டி, ஒட்டி, சீராக்கித் தருபவளை எல்லோரும் அக்கா என்றார்கள். அவளைவிட எவ்வளவோ மூத்த மாஸ்டருக்கும் அவள் அக்காதான். அங்கே அவளை முதலில் அப்படிக் கூப்பிட்டவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. ஒருவன் ஓயாமல் கூப்பிட்டதில் அவள் ஸ்டூடியோவுக்கே அக்காவாகிவிட்டாள்.

தம்பி அங்கே டிரம்ஸ் வாசித்தவன். அவனுக்கு ஸ்டூடியோவில் ‘இடி’ என்று பெயர். அவன் வாசித்தால் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது, அவ்வளவு மெதுவான கை. அதனால் அந்தப் பெயர். போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், அவனும் சொன்னான். ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவனைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். டிரம்ஸ் அறையின் கதவு அன்றிலிருந்து சாத்தியே கிடந்தது. உள்ளே அவனுடைய முக்காலியின் உயரத்தை யாரும் மாற்றவில்லை.

வாசிப்பவர்களின் காதில் கணினி ‘டிக் டிக்’ என்று ஓயாமல் ஒரு சத்தம் கொடுத்துக்கொண்டிருக்கும். அந்த மெட்ரோனோம் சத்தத்தை அங்கே க்ளிக் என்பார்கள். பாட்டு என்ன வேகம், அடுத்த அடி எங்கே என்று சொல்வது அதுதான். செக்குமாட்டுக்கு வட்டம் போல, அங்கே எல்லோருக்கும் அது பழகிப்போன ஒன்று. அதைச் சட்டை செய்யாதவன் தம்பி ஒருவன்தான். ஹெட்ஃபோனில் க்ளிக்கைக் காதில் விழாத அளவுக்குக் குறைத்துவிடுவான். “கடிகாரம் மணியச் சொல்லட்டும்க்கா, வேளைய நான் சொல்றேன்,” என்பான். சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடம் வந்தால் ஒரு மயிரிழை தயங்கி, பிறகு அடிப்பான். அந்தத் தயக்கத்தை யாரும் பிழை என்று சொன்னதில்லை. அவனோடு பல வருஷம் பேஸ் கிட்டார் வாசித்த தூண் அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தான்: எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் இடி அடிப்பான். தூண் என்பவன் வாசிக்கும்போது இமையைத் தவிர எதையும் அசைக்காத ஆள்.

தூணும் சில நாட்களாகச் சரியில்லை. கேட்டதற்கு முதலில் ஒன்றுமில்லை என்றான். பிறகு ஒரு நாள் தேநீர் குடிக்கும்போது, முதுகுப் பக்கம் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது என்றான். அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது டிரம்ஸ் அறை. அடுத்த நாளிலிருந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அந்தச் சாத்திய கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தான். பயமா என்று அக்கா கேட்டாள். பயமில்லை, முதுகு காட்டினால் மரியாதையாக இருக்காது என்றான். அதற்குப் பிறகு அவன் வாசிப்பு கூடிவந்தது என்பதை மாஸ்டரே ஒப்புக்கொண்டார். தம்பி போனதிலிருந்து தூண் அப்படி வாசித்ததில்லை.

அக்காவுக்கும் அது கேட்காமல் இல்லை. பதிவு ஓடும்போது ஏதோ ஓர் இடத்தில் அவள் கழுத்து தன்னால் ஒரு பக்கம் சாயும். தம்பி திரும்பும் இடங்களில் பல வருஷமாகச் சாய்ந்து பழகிய கழுத்து அது. துக்கம் காதில் உட்கார்ந்திருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மற்றவர்களின் க்ளிக்கில் சந்தேகம் வந்தால் அந்த நிமிஷமே அளந்து பார்க்கிறவள் இதை மட்டும் அளக்கவில்லை. அளந்து, ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டால் அப்புறம் என்ன மிஞ்சும்?

அவளுக்கு மிஞ்சியது குறைவுதான். தம்பி கடைசியாக வாசித்த பாட்டு ஒன்று இருந்தது. அதன் மேல் வயலின், குரல் எல்லாம் சேர்த்து அவன் நினைவாக வெளியிடலாம் என்று மாஸ்டர் ஆசைப்பட்டார். ஆனால் தம்பியின் வேகம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நேராக்கிக் கொடு, அப்போதுதான் மற்றவர்கள் மேலே உட்கார முடியும் என்றார். தினமும் செய்கிற வேலைதான். முதலில் அவன் அடித்த ஒவ்வொரு அடியும் எங்கே விழுந்திருக்கிறது என்று குறிக்க வேண்டும். அப்படிக் குறிக்கக் குறிக்கக் கணினி அவனுடைய வேகத்தை ஒரு கோடாக வரைந்துகொண்டே வரும். கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும், பல்லவிக்கு முன்னால் ஒரு சின்னப் பள்ளம். இரண்டாவது வேலை, அந்த அடிகளையெல்லாம் இழுத்துச் சமதூரத்தில் நிறுத்துவது. அக்கா இரண்டையும் செய்தாள். எத்தனையோ பேரின் அடிகளை நேராக்கிய கை, பழக்கத்தில் செய்தது. கணினியின் வட்டில் இடம் போதவில்லை என்று, நேராக்கும் முன்பிருந்த அவன் பதிவையும் மற்றப் பழைய பதிவுகளோடு அவளே கழித்துவிட்டாள்.

பாட்டு வெளிவந்தது. நன்றாக இருக்கிறது என்று பலரும் சொன்னார்கள். தம்பி மனைவி மட்டும் பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டாள்.

“இது அவர் இல்ல அண்ணி,” என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அக்கா போன் செய்தால் எடுப்பாள், சாப்பிட்டீர்களா என்பாள், வைத்துவிடுவாள். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

இப்படியிருக்கையில்தான் ஒரு படத்தின் பின்னணி இசை வேலை வந்தது. ஒரு காட்சியில், ஒருத்தி மாடிப்படியில் இறங்கி வந்து இருட்டான அறையின் கதவைத் திறக்கிறாள். கதவு திறக்கும் அந்தக் கணத்தில் எல்லா வாத்தியமும் சேர்ந்து ஒரே அடியாக விழ வேண்டும். மாஸ்டர் வீட்டில் தன் கணினியில் அதைப் போட்டு, படத்தோடு ஓட்டி, சரியாக விழுகிறது என்று இயக்குநருக்கும் காட்டிவிட்டிருந்தார். ஸ்டூடியோவில் வயலின்காரர்கள் வந்து உட்கார்ந்து வாசித்துப் பதிந்ததைப் படத்தோடு ஓட்டினால், கதவு திறந்து, அவள் உள்ளே எட்டிப் பார்த்த பிறகுதான் அடி விழுந்தது.

“கதவ யாரோ திறந்துவிட்டப்புறம் நீங்க தட்டுறீங்க,” என்றார் இயக்குநர். மெல்லிய ஆள், கோபத்தையும் மெல்லத்தான் சொல்வார்.

மாஸ்டர் வயலின்காரர்களைக் கடிந்துகொண்டார். அவர்கள் மறுபடி வாசித்தார்கள். மறுபடியும் அதே தாமதம், இம்மி பிசகாமல். தப்பு செய்கிறவர்கள் இரண்டு தடவை ஒரே மாதிரி தப்பு செய்ய மாட்டார்கள் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். மாஸ்டர் திரும்பி அக்காவைப் பார்த்தார்.

“வீட்டுல சரியா விழுந்துது அக்கா. இங்க என்ன ஆவுது?”

“பாக்கறேன் மாஸ்டர்.”

“அந்தப் பொண்ணு ஏதோ மூச்சு விடுதுன்னுச்சே. அதையும் பாரு.”

பார்ப்பதற்கு ஒரே ஒரு இடம்தான் இருந்தது. அது எங்கே இருக்கிறது என்று அக்காவுக்குத் தெரியும். திரையின் உச்சியில், வாத்தியத்துக்கு ஒன்றாக அடுக்கிய தடங்களுக்கெல்லாம் மேலே, மடித்து மறைத்து வைத்திருந்த ஒரு பட்டை. மறைத்து வைத்தவள் அவளேதான். தம்பியின் பாட்டைக் குறித்து முடித்த அன்று, அந்தக் கோட்டை மேலும் பார்க்க முடியாமல் மடித்தாள். இப்போது அதை விரித்தாள்.

நேராக ஓட வேண்டிய கோடு நேராக இல்லை. கொஞ்சம் ஏறியது, கொஞ்சம் இறங்கியது. நடுவே ஒரு சின்னப் பள்ளம்.

கையெழுத்தை அடையாளம் காண ஒருவருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? அவளுக்கு அவ்வளவு நேரம்கூடப் பிடிக்கவில்லை. கழுத்து முதலில் சாய்ந்தது, பிறகுதான் புத்திக்கு எட்டியது.

எப்படி நடந்தது என்பதும் உடனே விளங்கிவிட்டது. ஒவ்வொரு பதிவுக்கும் மைக், ஹெட்ஃபோன் இணைப்பையெல்லாம் முதலிலிருந்து அமைக்க யாருக்கும் பொறுமை கிடையாது. அதனால் நன்றாக அமைந்த ஒரு பாட்டின் கோப்பை எடுத்து, உள்ளே இருப்பதையெல்லாம் அழித்து, வெறும் கூடாக வைத்துக்கொள்வார்கள். அந்த ஸ்டூடியோவில் அதற்குப் பெயர் காலி வீடு. யார் வந்தாலும் அந்தக் காலி வீட்டில்தான் குடிவைப்பார்கள். தம்பியின் அடிகளைக் குறித்து முடித்து, நேராக்கத் தொடங்கும் முன்னால், வெளியே அடுத்த குழு காத்துக்கொண்டிருந்தது. புதிய காலி வீடு ஒன்று அவசரமாக வேண்டுமென்று மாஸ்டர் கேட்டார். அக்கா தம்பியின் கோப்பிலிருந்து ஒரு பிரதி எடுத்தாள். அவன் அடித்ததை அழித்தாள். தடங்களின் பெயர்களை அழித்தாள். அவன் தடத்துக்கு வைத்திருந்த நீல நிறத்தைக்கூட மாற்றினாள். சேமித்துக் கொடுத்துவிட்டு, தம்பியின் பாட்டுக்குத் திரும்பி அதை நேராக்கினாள். எந்தத் தடத்தை அழித்தாலும் வேகக்கோடு அழியாது. அது எந்தத் தடத்திலும் குடியிருப்பதில்லை. கண்ணில் படாமல் மடித்து வைத்திருந்ததை அவள் மறந்துபோனாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு வந்த ஒவ்வொரு பாட்டும் அவன் நடையில்தான் நடந்திருக்கிறது. சோப்பு விளம்பரம், பள்ளிக்கூடத்துப் பாட்டு, கல்யாண வீடியோவுக்குப் போட்ட மெட்டு, எல்லாம். புதிய பாட்டுக்கு மேலே வேக எண்ணை மாற்றினால், அவர்களுடைய மென்பொருளில் கோடு முழுவதும் வடிவம் கலையாமல் அப்படியே ஏறும் அல்லது இறங்கும். அதனால் யாருக்கும் தெரியவில்லை. அடிக்கு அடி வித்தியாசம் சொற்பம். உடம்புக்குத் தெரியும், காதுக்குத் தெரியாது. இத்தனை மாதமாக எல்லோரும் செத்துப்போன ஒருவன் பின்னால் நடந்துகொண்டிருந்தார்கள். இப்போது ஒரு கதவு அவனுக்காகக் காத்திருக்க மறுத்ததால் விஷயம் வெளியே வந்துவிட்டது.

“என்னக்கா?” என்றார் மாஸ்டர் பின்னாலிருந்து. இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“கோடு வளைஞ்சிருக்கு மாஸ்டர். பழைய கோடு. சரி பண்ணிடறேன்.”

யாருடைய கோடு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா என்பது அவளுக்கே நிச்சயமில்லை. சரிசெய்வது ஒரே ஒரு அழுத்தல். கோடு முழுவதையும் பிடித்து, அழி என்றால் அழிந்துவிடும். சுட்டியின் மேல் விரலை வைத்தாள்.

விரல் அங்கேயே நின்றது.

பதிவை அவள் கழித்துவிட்டாள். வெளிவந்த பாட்டில் அவன் இல்லை. அந்தக் கடைசிப் பாட்டை அவன் எப்படி வாசித்தான், எங்கே அவசரப்பட்டான், எங்கே நின்று திரும்பிப் பார்த்தான் என்பதற்கு உலகத்தில் மீதியிருந்தது இந்த ஒரு கோடுதான். அவள் ஒரு தடவை அவனை அழித்தாயிற்று. அது தெரியாமல் செய்தது. இப்போது தெரிந்தே செய்ய வேண்டும். பிறகு இன்னொன்றும் தோன்றியது. நேராக்கிய அடிகள் அவளிடம் இருக்கின்றன. எந்த அடியை எங்கிருந்து நகர்த்தினாள் என்பதை இந்தக் கோடு சொல்கிறது. இழுத்ததைத் திரும்ப இழுக்க முடியும்.

கோட்டை மட்டும் தனியே ஒரு கோப்பாக எடுத்தாள். பெயர் கேட்டது கணினி. தம்பி என்று அடித்தாள். அதை வேறு இரண்டு வட்டுகளிலும் போட்டு, மூன்றிலும் திறக்கிறதா என்று பார்த்தாள். இயக்குநர் தொண்டையைச் செருமினார். பிறகுதான் காலி வீட்டிலிருந்து கோட்டை அழித்தாள். பட்டையில் ஒரு நேர்கோடு வந்து நின்றது. அதில் பார்க்க ஒன்றுமில்லை.

மறுபடி வாசித்தார்கள். கதவும் அடியும் ஒன்றாக விழுந்தன. இயக்குநர் தலையை ஆட்டினார், மாஸ்டர் நெற்றியைத் துடைத்தார். ஆனால் கதவுக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் இடத்தில், ஒருநாளும் தடுமாறாத தூண் தடுமாறினான். ஒரே ஒரு சுரம். வயலின்களின் இரைச்சலில் யாருக்கும் கேட்டிருக்காது. அவன் வாசித்து முடித்து, கிட்டாரைச் சாய்த்து வைத்துவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து நின்றான். மாஸ்டரும் இயக்குநரும் வெளியே போகும்வரை காத்திருந்தான்.

“அனுப்பிட்டீங்களாக்கா?”

அக்கா ஆமாம் என்று தலையசைத்தாள்.

“சொல்லிட்டு அனுப்பியிருக்கலாம்,” என்றான். அவன் குரலில் கோபமில்லை. ஒருவரை வழியனுப்ப ரயில் நிலையத்துக்கு ஓடிவந்து, வெறும் தண்டவாளத்தைப் பார்த்து நிற்பவன் குரல் அது. “எனக்குத் தெரியும். முதல் வாரத்துலயே தெரியும். சொன்னா நீங்க எடுத்துடுவீங்கன்னுதான் சொல்லல.”

“நான் எடுத்துவச்சிருக்கேன்டா,” என்றாள் அக்கா. “தூக்கிப் போடல.”

அவன் நம்பியதாகத் தெரியவில்லை. நாற்காலியைப் பழையபடி திருப்பிப் போட்டுவிட்டுப் போனான்.

அடுத்து வந்த காலைகளில், மற்றவர்கள் வருவதற்கு முன்னால், அக்கா தம்பியின் பாட்டைத் திறந்து வைத்துக்கொண்டாள். நேராக நின்ற அடிகளை ஒவ்வொன்றாகக் கோடு சொன்ன இடத்துக்குத் திரும்ப நகர்த்தினாள். கணினியிடம் விட்டால் ஒரே மூச்சில் செய்துவிடும், அவள் விடவில்லை. போகப்போக அவன் நடை திரும்பி வந்தது. முதல் சரணத்தில் கொஞ்சம் அவசரம், அது அவன் பசியோடு இருந்தால் வரும் அவசரம். பல்லவிக்கு முன்னால் வந்து நின்றான். திரும்பிப் பார்த்தான். அடித்தான்.

நடை வந்தது, ஆள் முழுசாக வரவில்லை. ஒலியை ஒரு தடவை இழுத்தாலே அதன் நூல் கொஞ்சம் பிரியும். இது இரண்டு தடவை இழுபட்ட துணி. டிரம்ஸின் பித்தளைத் தட்டுகளின் ஒலி தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போலக் குழைந்தது. குச்சி பட்ட இடத்தில் ஒரு சின்ன நிழல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்க என்னென்னவோ செய்து பார்த்தாள். துடைக்கத் துடைக்க நிழல் வேறொரு அடிக்கு நகர்ந்தது. கடைசியில் விட்டுவிட்டாள்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அக்கா எதையும் விளக்கவில்லை. ஒரு தடவை கேள், பிடிக்கவில்லையென்றால் நிறுத்திவிடு என்று மட்டும் சொல்லி ஹெட்ஃபோனைக் கொடுத்தாள். அவள் வாங்கி, தலைமுடியை ஒதுக்கி மாட்டிக்கொண்டு, துணி மடிப்பதைத் தொடர்ந்தாள். அக்காவுக்குப் பாட்டு கேட்கவில்லை. அவள் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சட்டை, ஒரு துண்டு, இன்னொரு துண்டு. பிறகு கைகள் நின்றன. எந்த இடம் என்று அக்காவுக்குத் தெரியும். கைகள் மறுபடி ஓடத் தொடங்கின. அடுத்த பல்லவிக்கு முன்னால் மறுபடி நின்றன.

முழுப் பாட்டையும் கேட்டாள். கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

“நடை அவரோடதுதான் அண்ணி,” என்றாள். “ஆனா ரொம்பத் தூரத்துலேர்ந்து வர்றார்.”

“அவ்வளவுதான் என்னால முடிஞ்சுது.”

“தெரியும்.” மடித்த துணியை எடுத்து மறுபடி உதறி மடித்தாள். “இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க. இத இங்கயே விட்டுட்டுப் போங்க.”

அக்கா இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தாள்.

ஸ்டூடியோவில் அதற்குப் பிறகு மெட்ரோனோம் மூச்சு விடவில்லை. வேலை சுத்தமாக நடந்தது. தூண் வாசித்துவிட்டுப் போனான்; குறை சொல்ல முடியாது, சொல்லிக்கொள்ளும்படியாகவும் இல்லை. டிரம்ஸ் அறையை வாடகைக்கு விடலாமா என்று மாஸ்டர் ஒரு தடவை கேட்டுவிட்டு, அவரே பேச்சை மாற்றினார்.

ஒரு பிற்பகல், தண்ணீர்க் குழாய் விளம்பரம் ஒன்றுக்கு மெட்டுப் போட்டார்கள். ஒழுகாத குழாய், உடையாத குழாய் என்று பாடி முடித்து மறுபடி முதல் வரிக்கு வர வேண்டும். புதுசு மட்டும் தனியாக கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தாள். தூண் தன் முறைக்காகச் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். காலி வீட்டின் கோடு நேராக இருந்தது. அக்கா இப்போதெல்லாம் அதை விரித்தே வைத்திருந்தாள். க்ளிக் பிசகில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

முதல் வரிக்குத் திரும்பும் இடத்தில் புதுசின் கை ஒரு மயிரிழை தயங்கி, பிறகு விழுந்தது.

அக்காவின் கழுத்து சாய்ந்தது. சுவரோரம் தூண் எழுந்து நின்றுவிட்டான். மாஸ்டர் தாளிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

அக்கா மைக்கை அழுத்தினாள். “அந்த எடத்துல நின்னு அடிச்சியே, அது யார்கிட்டக் கத்துக்கிட்ட?”

புதுசுக்கு முகம் சிவந்துவிட்டது. “சாரிக்கா. க்ளிக்க விட்டுட்டேன் போல. யார்கிட்டயும் இல்லக்கா, கை தானா நிக்குது. இங்க வந்ததுலேர்ந்துதான்.” இன்னொரு தடவை வாசிக்கட்டுமா என்றும் கேட்டாள்.

அவள் தம்பியைப் பார்த்ததே இல்லை. சாத்திய கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றுகூடக் கேட்டதில்லை.

அக்கா திரையைப் பார்த்தாள். புதுசின் அந்த அடி, க்ளிக் விழும் இடத்தைக் காட்டும் கட்டக்கோட்டைத் தாண்டி ஒரு இம்மி தள்ளி நின்றது. அதைப் பிடித்துக் கோட்டில் நிறுத்த ஒரு விசை போதும். பழக்கத்தில் கை விசைவரை போனது.

“வேணாம்,” என்றாள் மைக்கில். “அப்படியே இருக்கட்டும். மேல போ.”

தூண் மெல்ல நடந்துபோய்த் தன் நாற்காலியை எடுத்து, கதவைப் பார்க்கும்படி திருப்பிப் போட்டு உட்கார்ந்தான்.